ஆறு மேட்டில் ஓடுகிறது, ஐயா

திருக்காட்டுப்பள்ளியில் மழைநீர் பற்றிப் பேச்செடுத்தால் போதும், ஒரு வாதம் எழுந்து முன்னால் வந்து நிற்கிறது. டீக்கடையில் கேட்கிறது, பேரூராட்சி அலுவலக வாசலில் கேட்கிறது, மனை விற்பவர்கள் பேச்சிலும் கேட்கிறது. ‘தெருவுக்கு இரண்டு பக்கமும் கான்கிரீட் வடிகால் கட்டு, மேலே சிலாப் போட்டு மூடு, கொண்டுபோய் ஆற்றில் விடு. காவிரியும் குடமுருட்டியும் வாசலில் ஓடுகிற ஊருக்கு இதற்கு மேல் என்ன திட்டம் வேண்டும்?’ இதைச் சொல்பவர் ஒருவர் அல்லர் என்பதால் பெயர் சொல்ல அவசியமில்லை. ஆனால் சொல்பவர்களில் பொறியியல் படித்தவர்களும் இருக்கிறார்கள். லெவல் எடுத்துப் பழகியவர்கள், மதிப்பீடு போட்டுக் கையெழுத்திட்டவர்கள். ஆற்றின் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் வடிகாலின் நீளத்தை மட்டும் அவர்கள் பேசுவதை அறியாமை என்று விட்டுவிட முடியாது. ஊரின் பணத்தையும் ஊருக்குக் கீழே இருக்கிற சம்பாவையும் சேர்த்துப் பலியிடும் பொறுப்பின்மை அது.

முதலில் அந்த ‘ஆற்றில் விடு’வை எடுத்துக்கொள்வோம். வாதம் முழுவதும் அதில்தான் தொங்குகிறது.

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது. அதில் காவிரிக்கு வந்த பங்கு நம் ஊரில் மறுபடியும் பிரிந்து குடமுருட்டியாகிறது. இந்த ஆறுகளிலிருந்து தலைப்பு மதகு வழியாக வாய்க்கால் கிளம்புகிறது. வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து கண்ணி, கண்ணியிலிருந்து மடை, மடையிலிருந்து வயல். இந்த வழி நெடுக மோட்டார் கிடையாது, ஏற்றம் கிடையாது. தண்ணீர் தானாகவே போய்ச் சேருகிறது. தானாகப் போகிறது என்றால் ஆற்றில் ஓடும் தண்ணீரின் மட்டம் வயலின் மட்டத்தைவிட உயரத்தில் இருக்கிறது என்றுதானே பொருள்? இதற்கு ஆய்வறிக்கை வேண்டாம். ஜூன் மாதம் தலைப்பைத் திறந்துவிட்டு வரப்பில் நிற்கிற எவருக்கும் தெரியும்.

டெல்டாவில் ஆறுகள் இப்படி மேட்டில் ஓடுவதற்குக் காரணம் உண்டு. நூற்றாண்டு நூற்றாண்டாக வெள்ளம் கரை புரண்டபோது கனமான மணலையும் வண்டலையும் கரையோரத்திலேயே போட்டுவிட்டு, நுண்ணிய களியைத்தான் தூரத்துக்கு எடுத்துப் போயிற்று. அதனால் கரையோரம் மேடு; ஆற்றைவிட்டு விலக விலகப் பள்ளம். பழைய ஊர்களும் கோயில்களும் அந்த மேட்டைத் தேடி உட்கார்ந்தன. நஞ்சை அதற்கு அப்பால் தாழ்ந்து கிடந்தது. மழை பெய்தால் தண்ணீர் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வயல் பக்கம்தான் இறங்கும். வடிகால்கள் அந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்டு கிழக்கே வெகுதூரம் போய், தரை போதிய அளவு தாழ்ந்த இடத்தில் ஏதோ ஓர் ஆற்றிலோ பெரிய வடிகாலிலோ சேரும்.

இப்போது அந்த வயல் மனையாகிறது. நகர் என்று பெயர் வைக்கிறார்கள், கல் நடுகிறார்கள், வீடு எழும்புகிறது. நேற்றுவரை ஆறு எந்த நிலத்துக்குப் பாய்ந்ததோ, அதே நிலத்திலிருந்து மழைநீர் இன்று ஆற்றுக்குப் பாயும் என்று ஒருவர் சொல்கிறார். ஐயா, எந்தச் சரிவில் பாயும்? ஜூனில் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வந்த தண்ணீர் நவம்பரில் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு எப்படி ஏறும்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் தெருத்தெருவாகக் கான்கிரீட்டுக்கு மதிப்பீடு போடுவது எந்த ஊர்ப் பொறியியல்?

இதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறார்கள். ‘கனமழை நேரத்தில் கல்லணையில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் தண்ணீரைக் குறைத்துக் கொள்ளிடத்தில் திருப்பிவிடுவார்கள். அப்போது ஆறு இறங்கிவிடும், வடிகால் வடியும்.’ குறைப்பது உண்மை. குறைத்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் வயல்கள் மூழ்கும். ஆனால் மதகை இறக்கிய மறுகணம் ஆறு வறண்டுவிடாது. கல்லணைக்கும் நமக்கும் நடுவில் ஆற்றில் நிற்கிற தண்ணீர் ஓடி முடிய வேண்டும். அதே மழை ஆற்றிலும் பெய்கிறது. மேட்டூரில் தண்ணீர் திறக்கும் வழக்கமான காலம் ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை; நமக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் கொட்டுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஆற்றில் தண்ணீர் ஓடும் காலத்துக்குள்தான் நம் மழைக்காலமும் இருக்கிறது. ஊர் வடிய வேண்டிய நாளில் ஆறு தாழ்ந்து கொடுக்கும் என்று நம்பி ஒரு திட்டம் வகுப்பது, எல்லாம் நல்லபடியாக நடக்கிற நாளுக்கு மட்டும் திட்டம் வகுப்பது. மழைநீர்த் திட்டம் வேண்டியிருப்பதே மற்ற நாளுக்காக.

ஆறு உயர்ந்து நிற்கும்போது அதில் கொண்டுபோய்த் திறந்துவிட்ட வடிகால் என்ன செய்யும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியே விடாது. அதோடு நிற்காமல் ஆற்றுத் தண்ணீரை ஊருக்குள் கொண்டுவரும். அதைத் தடுக்க வாயில் அடைப்புப் பலகை வைத்தால் ஊர்த் தண்ணீர் வடிகாலுக்குள்ளேயே நிற்கும். வாய் கட்டிய மூட்டையில் நெல் கொட்டுவது போலத்தான் அது. அப்புறம் பம்பு வைக்க வேண்டும், டீசல் ஊற்ற வேண்டும், நள்ளிரவில் அதை ஓட்ட ஆள் வேண்டும். பம்புதான் திட்டம் என்றால் அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். புவியீர்ப்பில் ஓடும் வடிகால் என்று சொல்லி ஊரை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு, இரண்டாம் மழையில் பம்பு கேட்டுக் கைநீட்டாதீர்கள்.

‘வெளிநாட்டில் கடலுக்குக் கீழே இருக்கிற நிலத்தையே வடிக்கிறார்கள்’ என்று நெதர்லாந்தைக் காட்டுபவர்களும் உண்டு. நெதர்லாந்தும் ஆறு மேட்டில் ஓடும் நாடுதான். பல நூற்றாண்டு அனுபவமும் பம்புகளும் கரைகளும் வைத்திருந்த அந்த நாடு 1995-இல் ஆறுகள் உயர்ந்தபோது சுமார் இரண்டரை லட்சம் பேரை வீட்டைவிட்டு வெளியேற்றியது. அதற்குப் பிறகு அவர்கள் எடுத்த பெரிய திட்டத்தின் பெயரே ‘ஆற்றுக்கு இடம்’. கரையைப் பின்னுக்குத் தள்ளினார்கள், வெள்ளம் வந்து தங்கிப் போக நிலம் ஒதுக்கினார்கள். நம் ஆட்கள் அந்த நாட்டின் பம்பை மட்டும் பார்க்கிறார்கள். தண்ணீருக்கு அவர்கள் விட்டுக்கொடுத்த நிலத்தைப் பார்ப்பதில்லை.

அடுத்து, வடிகாலின் அளவு. 2 அடி அகலம், 2 அடி ஆழம் உள்ள கான்கிரீட் வடிகாலை எடுத்துக்கொள்வோம். தரைச் சரிவு 2,000 அடிக்கு 1 அடி என்று வைப்போம். டெல்டாவில் இதைவிடத் தாராளமான சரிவு தேடினாலும் அரிது. அந்த வடிகால் மண்ணோ குப்பையோ இல்லாமல், விளிம்பு தட்ட, வாய் திறந்து ஓடினால் நொடிக்கு ஏறக்குறைய 180 லிட்டர் கடத்தும். மணிக்கு 50 மி.மீ. மழை 1 ஹெக்டேரில் பெய்தால் விழும் தண்ணீர் நொடிக்கு ஏறக்குறைய 140 லிட்டர். கூரையும் சிமென்ட் தெருவும் நெருங்கிய பகுதியில் அதில் பெரும்பங்கு அப்படியே ஓடிவரும். ஆக, அந்த வடிகால் முழுத் திறனோடு ஓடினாலும் மூன்று ஏக்கருக்குச் சற்று மேல்தான் தாங்கும். அரை அடி மண் படிந்துவிட்டால் அதுவும் இல்லை. கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுப் பார்க்கட்டும். இந்தக் கணக்கைப் போடாமல் எல்லாத் தெருவுக்கும் ஒரே அளவு வடிகாலை வரைந்து, ஓட்ட மீட்டருக்கு இவ்வளவு என்று பெருக்கி வைத்திருப்பதைத் திட்டம் என்று அழைக்கக் கூடாது. அது கொள்முதல் பட்டியல்.

இனி வயலின் பக்கம் வாருங்கள். 1 ஹெக்டேர் நஞ்சையில் வரப்பு 10 செ.மீ. உயரத்துக்கு இடம் விட்டு நின்றால், 100 மி.மீ. மழை முழுவதும் அந்த வரப்புக்குள்ளேயே நிற்கும். அது 10 லட்சம் லிட்டர். அந்தத் தண்ணீரை வயல் பிடித்து வைத்து, மெதுவாக வடியவிட்டது. அதே ஹெக்டேரில் கிராவல் அடித்து மேடாக்கி, தெரு போட்டு, வீடு கட்டினால் அந்த 10 லட்சம் லிட்டர் பக்கத்து வயலுக்கோ பக்கத்து நகருக்கோ போகிறது. நாம் வெள்ளம் என்று சொல்வதில் கணிசமான பங்கு வானத்திலிருந்து புதிதாக வந்ததல்ல, வரப்பை உடைத்ததால் வந்தது. 2020-இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. ஹைட்ரோகார்பன் துளையிடுதல் போன்றவற்றைப் புதிதாகத் தொடங்கவிடாமல் அது தடுத்தது; அதற்காகப் போராடியவர்களை வணங்க வேண்டும். ஆனால் வயல் மனையாவதை அந்தச் சட்டம் நிறுத்தவில்லை. நிறுத்தாத இடத்தில்தான் நம் ஊரின் அடுத்த வெள்ளம் தயாராகிறது. கான்கிரீட் வடிகாலுக்குக் குரல் கொடுக்கும் நண்பர்களில் ஒருவராவது புதிய மனைப்பிரிவு தன் மழைநீரைத் தன் எல்லைக்குள் எவ்வளவு பிடித்து வைக்கிறது என்று கேட்டிருக்கிறாரா?

‘குளம், குட்டை என்பதெல்லாம் பழைய பாட்டு. இது களிமண். தண்ணீர் உள்ளே இறங்காது’ என்பது அவர்களுடைய அடுத்த வாதம். இதில் பாதி சரி. களிமண் நிலத்தில் நவம்பர் மாதம், நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்துக்கு ஏறிவிட்ட பிறகு, உறிஞ்சுகுழி வெட்டி வெள்ளத்தைத் தடுக்க முடியாது. 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது எல்லா மண்ணுக்கும் ஒரே குழியை வரைந்துகொடுத்ததன் விளைவைப் பல ஊர்களில் பார்த்தோம். ஆற்றங்கரை மணற்பாங்கில் அது வேலை செய்யும். நஞ்சைக் களியில் செய்யாது. ஆனால் குளத்தின் வேலை தண்ணீரை உள்ளே இறக்குவது மட்டும் என்று யார் சொன்னது? மழை உச்சத்தில் இருக்கும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்துத் தண்ணீரைத் தாங்கி நிற்பதும் குளத்தின் வேலைதான். 1 ஏக்கர் குளத்தில் மேலே 5 அடி காலியாக இருந்தால் சுமார் 60 லட்சம் லிட்டர் பிடிக்கும். 15 ஏக்கரில் பெய்யும் 100 மி.மீ. மழை மொத்தமும் அதுதான். மேலே சொன்ன 2 அடி வடிகாலால் அதைக் கடத்த வேண்டுமென்றால், வாய் திறந்து விளிம்பு தட்ட ஓடினாலும் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். குளம் ஆற்றின் மட்டத்தைப் பார்த்துக் காத்திருக்காது. மின்சாரமும் கேட்காது.

ஒரு நிபந்தனை உண்டு. அந்த 5 அடி காலியாக இருக்க வேண்டும். அக்டோபரில் குளத்தை நிரப்பி அழகு பார்த்துவிட்டு நவம்பரில் அது வெள்ளத்தைத் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. குளத்துக்கு வரத்து வாய்க்கால் வேண்டும், வெளியேற மதகு வேண்டும், வானிலை எச்சரிக்கை வந்ததும் அந்த மதகைத் திறந்து மட்டத்தை இறக்கிவைக்கப் பொறுப்பான ஓர் ஆள் வேண்டும். குளத்தைச் சுற்றி நடைபாதையும் விளக்கும் பெஞ்சும் போடப் பணம் கிடைக்கிறது. மதகுக்கு எண்ணெய் போடக் கிடைப்பதில்லை. இந்த முறைகேட்டைப் பேசுங்கள், நானும் சேர்ந்து பேசுகிறேன். குளமே வேண்டாம் என்று முடிவு கட்டாதீர்கள்.

நம் முன்னோர் இதைச் செய்தார்கள் என்று பொத்தாம்பொதுவாகப் பெருமை பேச எனக்கு விருப்பமில்லை. பக்கத்தில் கண்ணெதிரே இருக்கிற ஒன்றைச் சொல்கிறேன். தஞ்சாவூரில் சேவப்பநாயக்கன் ஏரியில் சேர்ந்த மழைநீர் சிவகங்கைக் குளத்துக்கும், அங்கிருந்து நிலத்தடிக் குழாய்வழியாக ஊருக்குள் இருந்த அய்யன்குளத்துக்கும் போனது. ஜலசூத்திரம் என்று அதைச் சொல்வார்கள். அந்த வழி அடைபட்டு, குளம் வறண்டு, மறந்தே போயிருந்தது. சீர்மிகு நகரத் திட்டத்தில் அய்யன்குளத்தைப் புதுப்பித்தபோது தஞ்சை மாநகராட்சி அந்தப் பழைய நீர்வழியைத் தேடி எடுத்துச் சுத்தம் செய்தது. சிவகங்கைக் குளத்துத் தண்ணீர் மறுபடியும் அய்யன்குளத்துக்கு வந்தது. அங்கே கவனிக்க வேண்டியது பழமை அல்ல, வரிசை. ஒன்று நிரம்பினால் அடுத்தது, அது நிரம்பினால் அதற்கு அடுத்தது. ஒவ்வொரு குளத்துக்கும் வரத்தும் போக்கும் தெரியும். நம் பேரூரில் இன்று ஒரு குளத்தைக் காட்டி இதன் போக்கு எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள்? புலப்படத்தில் இருக்கிறது. தரையில் தேட வேண்டும்.

வாய்க்கால் பற்றி அவர்கள் சொல்வது இன்னும் மோசம். ‘ஊருக்குள் ஓடுகிற வாய்க்கால் பாசனத்துக்கு எங்கே பயன்படுகிறது? சாக்கடையாகிவிட்டது. மூடிவிட்டு ரோடு போடலாம், வண்டி நிறுத்தலாம்.’ சாக்கடையை அதில் விட்டது யார்? பாதாளச் சாக்கடை இல்லாத பேரூரில் குளியலறைத் தண்ணீரையும் கழிவுத்தொட்டி நிரம்பி வழிவதையும் வாய்க்காலில் திருப்பிவிட்டு, பிறகு வாய்க்கால் நாறுகிறது என்று காரணம் காட்டி அதையே கொல்லச் சொல்கிறார்கள். கடைமடையில் நிற்கிற விவசாயிக்கு அந்த வாய்க்கால் இன்னும் வாய்க்கால்தான். உங்கள் வீட்டுக்குப் பின்னால் அது நாறினாலும் மூன்று மைல் தள்ளி அதில் நாற்றுக்குத் தண்ணீர் பாய்கிறது.

மூடுவது இன்னொரு கொடுமைக்கும் வழி வைக்கிறது. சிலாப் போட்டு மூடிய வடிகாலில் மண்ணும் பாலிதீனும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் யார் இறங்கி எடுப்பது? மனிதரைக் கழிவு அள்ள வைப்பதையும் பாதுகாப்பின்றிச் சாக்கடைக்குள் இறக்குவதையும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இயந்திரம் நுழைய முடியாத சந்துக்குள் மூடிய வடிகாலைக் கட்டுபவர், அந்தச் சட்டத்தை மீறி ஒருவரை உள்ளே இறக்கப்போகிற நாளையும் சேர்த்தே கட்டுகிறார். இறங்கப்போகிறவர் எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பதும் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். மதிப்பீட்டில் ஒரு வரியாக ‘சிலாப்’ என்று எழுதுபவர்கள் அந்த மனிதரின் முகத்தை நினைத்துக்கொண்டு எழுதட்டும்.

‘ஆண்டுதோறும் தூர் வாருகிறார்களே, அப்புறம் என்ன?’ என்றும் கேட்கிறார்கள். டெல்டா மாவட்டங்களில் 2021-இல் 65 கோடி ரூபாயில் 4,061 கிலோமீட்டர், 2022-இல் 80 கோடியில் 4,964 கிலோமீட்டர், 2023-இல் 90 கோடியில் 4,773 கிலோமீட்டர் என்று சிறப்புத் தூர்வாரும் பணிகள் எடுக்கப்பட்டன. மேட்டூர் திறப்பதற்கு முன் ஏப்ரல், மே மாதங்களில் நடக்கிற வேலை இது. தண்ணீர் கடைமடைவரை போய்ச் சேர வேண்டும் என்பது அதன் முதல் நோக்கம், நல்ல நோக்கம். ஆனால் மே மாதம் வாரிய வடிகாலில் அக்டோபருக்குள் ஆகாயத்தாமரையும் நெய்வேலி காட்டாமணக்கும் மண்டிவிடுகின்றன. ஊருக்குள் இரண்டு கரையிலும் சுவர் நெருங்கிவிட்ட பகுதியில் பொக்லைன் இறங்க வழியில்லை. மழைக்கு முன் இரண்டாவது தடவை, ஊரின் எல்லையிலிருந்து வடிகால் போய்ச் சேரும் இடம்வரை வாருவதற்கு யாரிடம் பணம் இருக்கிறது? ஊருக்குள் இருப்பது பேரூராட்சியின் பொறுப்பு, பெரிய வாய்க்கால் நீர்வளத் துறையுடையது, சிறிய வாய்க்கால்களில் வேளாண் பொறியியல் துறை வருகிறது, சாலைக்கு அடியில் இருக்கிற பாலம் நெடுஞ்சாலைத் துறையுடையது, கோயில் குளம் அறநிலையத் துறையுடையது, தண்ணீர் போய் விழுகிற இடம் இன்னொரு ஊராட்சியுடையது. தண்ணீருக்கு இந்த எல்லைகள் தெரியாது. ஊருக்குள் மட்டும் கான்கிரீட் போட்டு எல்லையில் கைகழுவிவிடும் திட்டம், ஒரு துறை தன் தொல்லையை அடுத்த துறையின் தலையில் கட்டுவதற்குப் போடப்படும் திட்டம்.

சென்னையை எடுத்துக்காட்டுவதில் அவர்களுக்கு அலாதி நம்பிக்கை. ‘அங்கே ஆயிரக்கணக்கான கோடி செலவழித்து வடிகால் கட்டவில்லையா?’ கட்டினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கட்டினார்கள். 2021 நவம்பரில் மறுபடியும் ஊர் மூழ்கியது; ஓய்வுபெற்ற இ.ஆ.ப. அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு அமைத்தார்கள், மேலும் கட்டினார்கள். அதனால் சில பகுதிகளில் தண்ணீர் முன்பைவிட விரைவாக வடிந்ததை மறுக்கவில்லை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையைச் சுற்றியும் முடிச்சூர்ப் பக்கமும் மக்கள் நாள்கணக்கில் தண்ணீருக்குள் இருந்தார்கள். கடல் கொந்தளித்து ஏறி நின்றது, கழிமுகங்கள் தண்ணீரை வாங்கவில்லை, தாங்க வேண்டிய சதுப்பு நிலத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே கட்டடமாகிவிட்டிருந்தது. போக்கிடம் அடைபட்டால் நடுவில் இருக்கிற கான்கிரீட்டால் ஆவது ஒன்றுமில்லை என்பதைச் சென்னை கண்ணீரோடு கற்றது. அதே சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், மணலில் தானாக இறங்குகிற மழைக்கு வடிகால் எதற்கு என்று கேட்டுக் குடியிருப்பவர்களே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை போனார்கள். ஒரே நகரத்துக்குள்ளேயே ஒரு பகுதிக்குப் பொருந்துவது இன்னொரு பகுதிக்குப் பொருந்தவில்லை. அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பூதலூர் வட்டத்தில் இறக்கலாம் என்பவர்களுக்கு மண்ணைப் பார்க்கும் பொறுமைகூட இல்லை.

எல்லாவற்றையும்விட எனக்குத் தாங்க முடியாதது கடைசி வாதம். ‘இது ஊர்ப் பிரச்சினை. விவசாயிகளை இதில் ஏன் இழுக்க வேண்டும்?’ ஊரின் மழைநீர் எங்கே போகிறது, ஐயா? வயலில் போய் விழுகிறது. எப்போது விழுகிறது? சம்பா நட்டுப் பயிர் பச்சை பிடிக்கிற நேரத்தில், தாளடி வேர் ஊன்றுகிற நேரத்தில். இளம் பயிர் நாள்கணக்கில் தண்ணீருக்கடியில் கிடந்தால் அழுகும். 2021 நவம்பரில் டெல்டா முழுவதும் அதைப் பார்த்தது. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் பருவம் தப்பிப் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து, கதிரிலேயே முளைத்தது. ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். ஒரு போக உழைப்புக்கு அது ஈடாகுமா? தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் அரை நாள் கடை அடைப்பீர்கள். அந்தத் தண்ணீரை வேகமாக வழித்து வயலில் கொட்டினால் அங்கே ஒரு குடும்பத்தின் ஓராண்டு போகிறது. வடிகால் வேகமாக ஓட ஓட, கீழே நிற்பவனுக்கு வெள்ளம் அவ்வளவு சீக்கிரம் வருகிறது. அவனைக் கேட்காமல் போடும் எந்தத் திட்டமும் அவனுக்கு எதிரான திட்டம்தான்.

அதனால் திட்டமிடுதலைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்கிறேன். தெருவில் தொடங்கி எங்கோ முடிப்பதல்ல. முடிகிற இடத்தில் தொடங்கித் தெருவுக்கு வர வேண்டும். புலப்படத்தையும் ‘அ’ பதிவேட்டையும் எடுத்து நீர்வழிப் புறம்போக்கு ஒவ்வொன்றையும் குறியுங்கள். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டிகளையும், மதகுகளைக் கவனிக்கும் லஸ்கர் வேலை பார்த்தவர்களையும், கடைமடை விவசாயிகளையும் உடன் அழைத்துக்கொண்டு வடிகால் போய்ச் சேரும் இடம்வரை நடந்து போங்கள். வெயிலில் அல்ல, ஐப்பசியில், மழை பெய்துகொண்டிருக்கும்போது. ஆறு நிறைந்து ஓடும் நாளில் அதன் மட்டம், வடிகால் சேருமிடத்தின் மட்டம், வயலின் மட்டம், தெருவின் மட்டம், வீட்டு வாசல்படியின் மட்டம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். எந்தத் தண்ணீர் தானாக வடியும், எது வடியாது என்பது அந்தத் தாளில் தெரிந்துவிடும். வடியாததற்குக் குளம் தேடுங்கள். குளத்தையும் வாய்க்காலையும் ஆக்கிரமித்தவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் அகற்றுங்கள். நீர்நிலைகளை வேறு காரியத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் சொல்லிவிட்டது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்துவிட்டது. புதிய மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும்போது, வயலாக இருந்தபோது அந்த நிலம் பிடித்த தண்ணீரை இப்போது எங்கே பிடிக்கப்போகிறது என்று எழுத்தில் வாங்குங்கள்.

தெருவை மறுபடி போடும்போது பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். இந்த ஒன்றை ஒழுங்காகச் செய்தாலே பல வீடுகளில் மழைநீர் உள்ளே வருவது நிற்கும். ஒவ்வொரு தடவையும் தெருவை நாலு அங்குலம் உயர்த்திவிட்டு, பள்ளத்தில் போன வீட்டுக்காரருக்கு வடிகால் வாக்குறுதி கொடுப்பது அநியாயம்.

கான்கிரீட் வடிகாலே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடைத்தெருவில் தேவைப்படலாம், பேருந்து நிலையத்தைச் சுற்றித் தேவைப்படலாம், சரிவு கிடைக்காத ஒரு குறுகிய துண்டில் தேவைப்படலாம். எந்தத் துண்டில், எவ்வளவு அகலத்தில், எந்த மட்டத்தில் என்பதை மேலே சொன்ன தாள் சொல்லட்டும். அது இல்லாமல் மன்றக் கூட்டத்தில் தீர்மானம் வைப்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: உங்கள் வடிகாலின் கடைசி அடி எந்தப் புல எண்ணில் முடிகிறது, அந்த இடத்தின் மட்டம் என்ன, கார்த்திகையில் அங்கே நிற்கும் தண்ணீரின் மட்டம் என்ன, அந்த நிலத்துக்காரரிடம் கேட்டீர்களா? நான்குக்கும் எழுத்தில் பதில் வைத்துவிட்டு ஒப்பந்தப்புள்ளி கோருங்கள்.